வெட்டியெடுத்த கட்டி எங்கே?

அந்த அம்மாவுக்கு 58 வயது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். இடது குதிகாலின் ஓரத்தில் கறுத்துத் தடித்த ஒரு புண்ணோடு வந்து உட்கார்ந்தார். “ஆணிதான் சார். மூணு தடவை வெட்டி எடுத்தாச்சு. திரும்பத் திரும்ப வந்துடுது” என்றார். மூன்று முறையும் ஊசி போட்டு, இடத்தை மரத்துப்போக வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். வலியே தெரியவில்லையாம். தையலும் சீழ் வைக்காமல் ஆறியிருக்கிறது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. “அத்துணூண்டு சதை சார். அதைப் போய் எங்கே அனுப்புவாங்க?” என்றார். தொடையிடுக்கைத் தொட்டுப் பார்த்தேன். நெறி கட்டியிருந்தது. வலியில்லாத, கல்லைப் போன்ற நெறி.

ஆணி என்று மூன்று முறை வெட்டப்பட்டது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் படும் இடங்களில் அதிகம் வரும் இந்த நோய், நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும்தான் பெரும்பாலும் ஒளிந்துகொள்கிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கும் அப்படித்தான் வந்தது. 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அதைப் பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1981-ல் அவர் இறந்தபோது வயது 36. நம் அம்மாவுக்கு மூன்று முறை அந்தச் சதை ஒரு மருத்துவரின் கைக்கே வந்திருக்கிறது. மூன்று முறையும் குப்பைக்குப் போயிருக்கிறது.

கத்தி பிடித்த கையை மட்டும் பார்த்தால் அந்த மூன்று சிகிச்சைகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்தம் கொட்டவில்லை, புண் புரையோடவில்லை, வலிக்கவில்லை. ‘சின்ன ஆபரேஷன்தானே’ என்ற நினைப்பு ஒன்றுதான் தவறு. முப்பது வருடம் அரசு மருத்துவமனைகளின் மைனர் ஓ.டி. எனப்படும் சிறு அறுவை அறைகளில் மருவும் மச்சமும் கொழுப்புக் கட்டியும் நகச்சுத்தியும் கிழிந்த காதும் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மரப்பு ஊசி போட்டுச் செய்யும் தோல் அறுவை சிகிச்சைகள் மிகவும் பாதுகாப்பானவை. ஆயிரக்கணக்கானோர் தினமும் செய்துகொண்டு அன்றே பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அதில் கெட்டுப்போகிற சில பேரின் கதையைக் கிளறிப் பார்த்தால், அனேகமாக எல்லாவற்றிலும் யாரோ கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மயக்க மருத்துவரின் ஒப்புதல் என்று மூன்று வாசல்களைத் தாண்டித்தான் மேஜைக்குப் போக முடியும். தோலில் இருக்கும் கட்டிக்கு அப்படியில்லை. ஓ.பி. சீட்டோடு வந்தவர் அரை மணி நேரத்தில் மேஜையில் படுத்திருப்பார். அங்கே ஊசி போடுகிறவரும் வெட்டுகிறவரும் ஒரே ஆள். அவருடைய கண் முழுக்க அந்த இரண்டு அங்குலத் தோலில் இருக்கிறது. நோயாளியின் முகம் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம். முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு ஆள் வேண்டும். பல இடங்களில் அந்த ஆள் இருப்பதில்லை.

மருந்து அலமாரியில் இருக்கும் அந்தக் குப்பியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். ரப்பர் மூடி போட்ட 30 மில்லி குப்பி. 2 சதவீத லிக்னோகைன். பழைய ஆட்கள் சைலோகைன் என்பார்கள். 2 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் மருந்து. முழுக் குப்பியில் 600 மில்லிகிராம். அட்ரினலின் கலக்காத லிக்னோகைன் என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது கட்டுப்பாடான கணக்கு, 4.5 வரை போகலாம் என்பாரும் உண்டு. அட்ரினலின் கலந்திருந்தால் மருந்து ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும் என்பதால் 7 வரை இடமுண்டு. 40 கிலோ எடையுள்ள ஒரு மெலிந்த பாட்டிக்கு, கட்டுப்பாடான கணக்குப்படி 120 மில்லிகிராம், அதாவது 6 மில்லிதான் எல்லை. 10 கிலோ குழந்தைக்கு ஒன்றரை மில்லி. அந்தச் சின்னக் குப்பியில் பாட்டிக்கான எல்லையைப் போல ஐந்து மடங்கும், குழந்தைக்கான எல்லையைப் போல இருபது மடங்கும் இருக்கின்றன. இந்தக் கணக்கைப் போட எடை தெரிய வேண்டும். எத்தனை மைனர் ஓ.டி.க்களில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது?

கைகளிலும் தொடையிலும் எட்டுப் பத்துக் கொழுப்புக் கட்டிகளோடு வருகிறவர்கள் உண்டு. “லீவு கிடைக்காது சார், எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துடுங்க” என்பார்கள். ஒவ்வொரு கட்டிக்கும் ‘இன்னும் ரெண்டு மில்லி’ போட்டுக்கொண்டே போனால், ஆறாவது கட்டிக்கு வருவதற்குள் எல்லை தாண்டிவிடும். மருந்தை உப்புநீர் கலந்து ஒரு சதவீதமாகவோ அரை சதவீதமாகவோ நீர்க்கச் செய்தால், அதே அளவு மருந்தைக்கொண்டு அதிக இடத்தை மரக்கச் செய்யலாம். இல்லையென்றால் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யலாம். நோயாளியின் அவசரத்துக்கு நாம் இணங்கிவிடக் கூடாது.

அதே குப்பியின் ரப்பர் மூடியில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே நிரந்தரமாக விட்டிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். வேண்டும்போது சிரிஞ்சைச் செருகி உறிஞ்சிக்கொள்ள வசதியாம். ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சில் ஊசியை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடி குப்பிக்குள் கொண்டுபோனால் போதும், முந்தைய நோயாளியின் ரத்தத் துளியும் உள்ளே போகும். ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும் பரவுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

இந்த மருந்தை நான் குறை சொல்லவில்லை. இது வருவதற்கு முன் மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கோகைன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகிறது என்று காட்டினார். அதைக் கேள்விப்பட்டு நரம்புகளில் கோகைன் ஊசி போட்டுத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், கடைசியில் அதற்கே அடிமையானார். 1943-ல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகைனை உருவாக்கினார். உடன் இருந்த பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தம் மேலேயே ஊசி போட்டுச் சோதித்தார். 1948-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்றுவரை அதைவிட நம்பகமான துணை எங்களுக்கு இல்லை. அளவுக்கு உட்பட்டவரைதான் அது துணை.

அளவு மீறினால் உடம்பு முன்கூட்டியே சொல்லும். உதட்டைச் சுற்றி மதமதப்பு. நாக்கில் இரும்புச் சுவை. காதுக்குள் ரீங்காரம். பேச்சு குழறும், அல்லது சம்பந்தமில்லாமல் பேசுவார். அப்புறம் தசைகள் துடிக்கும், வலிப்பு வரும், இதயம் தாளம் தப்பும். ‘ஏதோ மாதிரி இருக்கு டாக்டர்’ என்று நோயாளி சொன்னால் அதைப் பயம் என்று ஒதுக்காமல் கையை நிறுத்த வேண்டும். சாதாரணமாகப் போட்ட ஊசி மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகலாம். மச்சத்தை எடுக்கப் பத்து நிமிடம். கட்டுப் போட்ட கையோடு பதினைந்தாவது நிமிடம் நோயாளி ஸ்கூட்டரில் ஏறிவிடுகிறார். உச்சம் வரும்போது அவர் சிக்னலில் நிற்பார்.

இதற்கு முறிமருந்து இருக்கிறது. 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், பால் போன்ற வெள்ளை நிறம். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குச் சத்துக்காக ரத்தக் குழாயில் ஏற்றுகிற அதே திரவம்தான். அமெரிக்க மயக்க மருத்துவர் கை வைன்பெர்க் 1998-ல் எலிகளில் இதைக் கண்டறிந்தார். மரப்பு மருந்தால் நின்றுபோன இதயத்தை இது மீட்டது என்று மனிதர்களில் முதல் செய்தி 2006-ல் வந்தது. கிலோவுக்கு ஒன்றரை மில்லி என்று வேகமாக ஏற்ற வேண்டும். ஆக்ஸிஜன், வலிப்புக்கு மருந்து, செயற்கை சுவாசம் கொடுக்கத் தெரிந்த கை, இந்த வெள்ளைப் பாட்டில்: இவ்வளவுதான் தேவை. அதிக அளவு மரப்பு மருந்து போடும் எந்த இடத்திலும் இவை இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“டெஸ்ட் டோஸ் போட்டாங்க, ஒண்ணும் ஆகல, அதனால பயமில்லை” என்று நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்கையில் ஒரு துளி குத்திப் பார்க்கும் அந்தச் சடங்கு, அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைக் காட்டாது, காட்டவும் முடியாது. லிக்னோகைனுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. முன்பு ஏதாவது மருந்துக்குத் தடிப்போ மூச்சிரைப்போ வந்ததா என்று உட்கார்ந்து இரண்டு நிமிடம் கேட்பது, பழக்கத்துக்காகப் போடும் அந்தத் துளியைவிட ஆயிரம் மடங்கு பயன் தரும்.

மைனர் ஓ.டி.யில் அடிக்கடி நடப்பது வேறு ஒன்று. ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்று நினைத்து, “காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை” என்று வருவார்கள். உட்கார்ந்த நிலையில் ஊசியைப் பார்த்ததும் வியர்த்து, முகம் வெளுத்து, நாடி மெதுவாகி, சரிந்துவிடுவார்கள். காலைத் தூக்கிப் படுக்கவைத்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆனால் விழும்போது மேஜை முனையில் தலை பட்டால் அதுவே பெரிய விபத்து. வெறும் மரப்பு ஊசிக்குப் பட்டினி வேண்டியதில்லை. மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். ஊசியைப் படுக்கவைத்துத்தான் போட வேண்டும்.

தாமாகவே நிறுத்திக்கொண்டு வருகிற இன்னொன்று மாத்திரை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்து மீண்டவர் எல்லோரும் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறார்கள். கழுத்து மருவை எடுக்கப்போவதற்கு ஒரு வாரம் முன்பே, ‘ரத்தம் நிக்காது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். தோலில் வரும் ரத்தத்தை விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம். மூளையிலோ ஸ்டென்டிலோ அடைக்கிற ரத்தத்தை விரலால் எடுக்க முடியாது. சிறிய தோல் சிகிச்சைக்கு இந்த மாத்திரைகளைப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். பரிசோதனை முடிவைக் கொண்டுவந்தால் போதும். எதையும் நிறுத்துவதென்றால் அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்ல வேண்டும்.

சில நேரம் மருந்தே மாறிப்போவதும் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு குழந்தை நினைவுக்கு வரும். 1995 டிசம்பரில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஸ்டூவர்ட் என்ற ஊரில், காதில் சாதாரண அறுவை சிகிச்சைக்கு வந்த 7 வயதுச் சிறுவன். மயக்கம் கொடுத்தபின் காதருகே லிக்னோகைனும் துளி அட்ரினலினும் கலந்த மருந்தைக் குத்த வேண்டும். மேஜையில் திறந்த கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் மரப்பு மருந்து. இன்னொன்றில், மேலே தடவுவதற்கு மட்டுமே வைத்த அடர்த்தியான அட்ரினலின். இரண்டுமே தண்ணீர்போலத் தெளிந்தவை. சிரிஞ்சில் ஏறியது தடவ வைத்திருந்த மருந்து. லட்சத்தில் ஒரு பங்கு போக வேண்டிய அட்ரினலின், ஆயிரத்தில் ஒரு பங்காகப் போனது. நூறு மடங்கு. அவன் பிழைக்கவில்லை. அந்த மருத்துவமனை நடந்ததைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னது. உலகெங்கும் நோயாளர் பாதுகாப்பு வகுப்புகளில் இந்த நிகழ்ச்சியைச் சொல்லித்தருகிறார்கள். நம் ஊர் மைனர் ஓ.டி.க்களில் இன்றும் எவர்சில்வர் கிண்ணங்களில் ஸ்பிரிட்டும் உப்புநீரும் மரப்பு மருந்தும் பெயரில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு துண்டு பிளாஸ்திரியும் ஒரு பேனாவும் இருந்தால் பெயர் எழுதி ஒட்டிவிடலாம்.

ஊசி கூட இல்லாமல் ஆபத்து வந்ததும் உண்டு. லேசர் மூலம் முடி நீக்குவதற்கு முன், கால்கள் முழுவதும் மரப்புக் களிம்பைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்ட இரண்டு பெண்கள், 22 வயதும் 25 வயதும், உயிரிழந்தார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007-ல் இதை முன்வைத்துப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பரப்பு பெரிதாகி, மேலே மூடியும் விட்டால் தோல் வழியாக மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரும். ‘கிரீம்தானே’ என்று அழகு நிலையங்கள் தாராளமாகப் பூசுகிற இந்த நாளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016 மே மாதத்தில் சென்னையில், தலையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன 22 வயது இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். மருத்துவம் படித்த பிள்ளைக்கே இந்தக் கதி என்று அப்போது எல்லோரும் பதறினோம். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அழகு சிகிச்சைகளுக்கும் முடி நடுதலுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூப் பார்த்தோ பட்டறைகளில் வேடிக்கை பார்த்தோ கற்றுக்கொண்டு இவற்றைச் செய்யக் கூடாது என்று அதில் எழுதவேண்டி வந்தது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் சட்டம் 1997-லேயே இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. 21 வருடங்கள். விதி வந்துவிட்டது, இனி ஆய்வுக்குப் போகிற அதிகாரி பதிவுச் சான்றிதழைச் சுவரில் பார்த்ததோடு திரும்பாமல், ‘எடை மெஷின் எங்கே, ஆக்ஸிஜன் எங்கே, வெள்ளைப் பாட்டில் எங்கே?’ என்று கேட்க வேண்டும்.

கத்தியால் வருகிற சிக்கல்களும் இல்லாமல் இல்லை. அவற்றில் மிகக் கொடுமையானது கழுத்தில் நடக்கிறது. காசநோய் நெறியா, வேறு ஏதாவதா என்று பார்க்க, கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் நெறிக்கட்டியை மரப்பு ஊசி போட்டு எடுப்பார்கள். நம் ஊரில் அன்றாடம் நடப்பது. அந்த இடத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே, தோளைத் தூக்கும் தசைக்குப் போகிற நரம்பு ஒன்று நூல்போல ஓடுகிறது. அவசரத்தில் அது அறுபட்டால் அன்றைக்குத் தெரியாது. கட்டுப் பிரித்து, தையல் பிரித்து, எல்லாம் ஆறியபின், “கையைத் தூக்கிக் கொண்டை போட முடியல, கொடியில துணி போட முடியல” என்று வருவார்கள். தோள் ஒரு பக்கம் தொங்கியிருக்கும். மாதக்கணக்கில் தோள் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் நரம்பைத் திரும்ப இணைக்க வாய்ப்புண்டு. நாள் கடந்தால் அந்த வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும். கழுத்து நெறியை எடுக்கிறவர் அந்த நரம்பை அறிந்தவராக இருக்க வேண்டும், சிகிச்சைக்கு முன்பே இதை நோயாளியிடம் சொல்லவும் வேண்டும். அதற்கு முன், ஊசியால் உறிஞ்சிச் செய்யும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை போதுமா என்று யோசிக்க வேண்டும்.

விரல் விஷயத்தில் கதை வேறு. விரலில் அட்ரினலின் கலந்த மருந்து போட்டால் விரல் அழுகிவிடும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். கனடாவின் டொனால்ட் லாலோண்டும் குழுவினரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 3,110 பேருக்குக் கையிலும் விரல்களிலும் அப்படிப் போட்டும் ஒரு விரல்கூட அழுகவில்லை. உண்மையில் விரலை அழிப்பது ரப்பர். நகச்சுத்தியோ உள்வளர்ந்த நகமோ செய்யும்போது ரத்தம் வராமல் இருக்க, கையுறையின் விரலை வெட்டி விரலடியில் சுருட்டி இறுக்குவோம். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்து, மேலே கட்டுப் போட்டுவிட்டால் முடிந்தது. விரல் மரத்திருப்பதால் வலி தெரியாது. மரப்பு விட்டபின் வரும் வலியை ‘ஆபரேஷன் வலி’ என்று நினைத்து மாத்திரை விழுங்குவார். கட்டுப் பிரிக்கும்போது விரல் கறுத்திருக்கும். பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2009-ல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. நான் என் ஓ.டி.யில் ரப்பர் சுற்றினால் அதில் ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கவ்வியிருக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்தக் கனத்த இரும்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது யாராலும் மேலே கட்டுப் போட முடியாது.

காது தைப்பது தென்மாவட்டங்களில் நாங்கள் நிறையச் செய்த வேலை. பாம்படம் போட்டு வளர்த்த காதை, பேத்தியின் கல்யாணத்துக்கு முன் சின்னதாக்கிக்கொள்ள வருகிற ஆச்சிகள் இருந்தார்கள். இப்போது கனமான ஜிமிக்கியால் கிழிந்த காதோடு இளம்பெண்கள் வருகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாருக்காவது தழும்பு தடித்து வளர்ந்ததுண்டா என்று கேட்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. கீலாய்டு என்ற அந்தத் தடிப்பு கறுத்த தோலில் அதிகம் வரும். காது மடல், நெஞ்சு நடு, தோள்பட்டை அதற்குப் பிடித்த இடங்கள். அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வரும், முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம். வெட்டுவதோடு ஸ்டீராய்டு ஊசியோ கதிர் சிகிச்சையோ சேர்க்க வேண்டும் என்பது தெரியாமல், வெட்டி வெட்டிப் புளியங்கொட்டை அளவில் இருந்ததை எலுமிச்சை அளவுக்கு வளர்த்துவிட்ட கதைகள் பல.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. உணர்ச்சி குறைந்த காலில் இருக்கும் ஆணியை வீட்டில் பிளேடால் சீவாதீர்கள், கடையில் விற்கும் ஆசிட் பிளாஸ்திரியை ஒட்டாதீர்கள். அந்தக் காலில் ஒரு மருத்துவர் நாடி பார்த்தபின்தான் யாரும் அதைத் தொட வேண்டும்.

வீட்டுக்குப் போனபின் நடப்பதிலும் எவ்வளவோ தவறான நம்பிக்கை. தையல் பிரிக்கும்வரை தண்ணீர் படக் கூடாது என்று பத்து நாள் குளிக்காமல் இருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் மக்காய் பகுதியில் கிளேர் ஹீலும் சக மருத்துவர்களும் 857 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 12 மணி நேரத்துக்குப் பின் கட்டைப் பிரித்து வழக்கம்போல் குளித்தவர்களில் 8.4 சதவீதத்தினருக்குப் புண் சீழ் வைத்தது; 48 மணி நேரம் நனைக்காமல் காத்தவர்களில் 8.9 சதவீதம். 2006-ல் வெளியான ஆய்வு இது. சுத்தமான தண்ணீரில் குளித்து, ஒற்றி உலர்த்தினால் தையலுக்கு ஒன்றும் ஆகாது. கம்மாயிலும் குளத்திலும் இறங்க வேண்டாம். முட்டை, பருப்பு, மீனைப் ‘பத்தியம்’ என்று நிறுத்தினால் புண் ஆறத் தேவையான புரதம்தான் குறையும். காப்பித் தூளும் மஞ்சளும் தையல்மேல் வேண்டவே வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தையல் பிரித்த அன்று தோல் முழு பலத்துக்கு வந்திருக்காது. பலம் ஏறச் சில மாதங்கள் ஆகும். முதுகில் கட்டி எடுத்தவர் தையல் பிரித்த மறுநாள் நெல் மூட்டை தூக்கினால், வாய் பிளந்துகொண்டுதான் வருவார்.

மறுபடி அந்த அம்மாவிடம் வருகிறேன். அவருக்கு நடந்தது அபூர்வம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தோலில் இருந்து எடுக்கிற எதையும் கண்ணால் பார்த்து மட்டும் ‘இதுதான்’ என்று உறுதியாகச் சொல்ல, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் முடியாது. கறுப்பே இல்லாத மெலனோமா உண்டு. சிவந்த, ரத்தம் கசியும் சதை மொட்டுபோல வந்து ஏமாற்றும். கண்ணோரம் ஆறாத பருபோலத் தெரிவது அடிச்செல் புற்றாக இருக்கலாம். எடுத்த துண்டை, அதைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றிய வாய் அகன்ற பாட்டிலில் போட்டு, பாட்டிலின் மேல் பெயர், வயது, உடம்பில் எந்த இடம் என்று எழுதி, நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மூடியில் எழுதக் கூடாது, மூடி மாறிப்போகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை வசதி இருக்கிறது. தனியார் இடத்தில் சில நூறு ரூபாய் ஆகும். அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறோம் என்று நினைக்கிற மருத்துவர், நோயாளியைக் கேட்காமலேயே அவருடைய வாழ்நாளிலிருந்து அதை எடுக்கிறார். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஒரு ஃபோட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் ஆறிப்போன தழும்புகளில் எது என்று மறுமுறை வரும்போது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

எங்கள் மருத்துவமனையில் அந்த அம்மாவுக்குக் குதிகால் புண்ணையும் தொடையிடுக்கு நெறிகளையும் எடுத்து, புற்றுநோய் மையத்துக்கு அனுப்பினோம். பதினான்கு மாதம் இருந்தார். கடைசியாகப் பார்க்க வந்தபோது, “முதல்லயே அந்தச் சதையை அனுப்பியிருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?” என்று கேட்டார். தெரிந்திருக்கும் என்றுதான் சொன்னேன்.

உங்கள் உடம்பிலிருந்து ஒரு மருவோ மச்சமோ ஆணியோ எடுக்கும் நாளில், கட்டுப் போட்டு முடித்ததும் உடனே எழுந்து ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். உட்கார்ந்திருக்கும்போது சிஸ்டரைக் கூப்பிட்டு, எடுத்த சதை எந்தப் பாட்டிலில் இருக்கிறது, அதன்மேல் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா, ரிப்போர்ட் என்றைக்கு வரும் என்று கேளுங்கள். அந்தத் தேதியில் போய் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்.